நடுச்சதுரம்

1962, கோடைக்கானல் சீசன் கண்காட்சி. லீலா தைத்த துணிச்சித்திரத்தின் முன் பெரும்பாறை எஸ்டேட்காரர் மனைவி சண்முகசுந்தரி நின்றாள். பழந்துணிச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் கறுப்பு நூலில் புள்ளியும் கோடுமாய் ஒரு டிசைன். நடுச்சதுரம் மட்டும் வெறும் வெள்ளை.

"இந்த மூணு புள்ளி டிசைன் அம்சமா இருக்குங்க. என் சேலைக்குப் போட்டுத் தருவீங்களா?"

"ஏற்கெனவே இருக்குங்க. முந்தானை மூலையைப் பாருங்க."

புரட்டினாள். மூன்று புள்ளிகள். வெளுக்கப் போகிற துணி வீடு மாறாமலிருக்க, சேங்கொட்டை மையால் போடும் குறி.

"இது நம்ம அன்னக்கொடி போடுறதாச்சே!"

"எங்கம்மாதாங்க. இதெல்லாம் அவங்க வெளுக்குற வீடுங்க."

சண்முகசுந்தரி லீலாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னக்கொடி மகளா நீ? சரி, நடுவுல வெள்ளையா கெடக்கே, அது யாரு வீடு?"

"எங்க வீடுங்க. எங்க துணியை யாரு வெளுத்துத் தர்றா, குறி போட?"