சாப்பாட்டு டப்பாவில் வந்த டியூப்

வாசலில் கார் வந்து நின்றதுமே முதலாளிக்குப் பாதி உயிர் போய்விட்டது. கார் கதவில் இருந்த சின்னத்தைப் பார்த்ததும் மீதியும் கிளம்பிவிட்டது.

பற்பசைக்கும் முகக் கிரீமுக்கும் பிளாஸ்டிக் டியூப் செய்து, ஐந்து நாடுகளில் தொழிற்சாலை வைத்திருக்கும் பெரிய கம்பெனியின் கார் அது. நம் முதலாளியும் டியூப்தான் செய்கிறார். வீட்டுக்குக் கீழே ஒரு கூடம், அதில் தடதடக்கும் நாலு இயந்திரங்கள். அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம்.

"மாட்டிக்கிட்டோம்டி!" என்று சமையலறைக்குள் ஓடினார்.

"நாம இல்லைங்க, நீங்க" என்றாள் மனைவி, அடுப்பை அணைத்துக்கொண்டே. "கம்பி எண்ணப் போறது நீங்க. நான் வாரா வாரம் வந்து பார்த்துட்டுப் போறேன், கவலைப்படாதீங்க."

விஷயம் இதுதான். அவளுடைய தம்பி அந்தப் பெரிய கம்பெனியில், புதுமாதிரி டியூப்களைச் செய்து பார்க்கும் பிரிவில் இருக்கிறான். அங்கே எது புதிதாகப் பிறந்தாலும், அதில் ஒன்று அவன் சாப்பாட்டு டப்பாவில் ஏறி நேரே அக்கா வீட்டுக்கு வந்துவிடும். அத்தான் அதே மாதிரி அச்சுப் போட்டு, சின்னச் சின்ன கிரீம் கம்பெனிகளுக்கு விற்றுவிடுவார். கேட்டில் இருக்கும் காவலாளி ஒரு நாள்கூட மச்சினன் பையைத் திறந்து பார்த்ததில்லை. அப்படி ஒரு ராசி!

அவரைச் சட்டென்று திட்டிவிடாதீர்கள். நல்ல மனிதர்தான். கீழே வேலை செய்கிறவர்களின் வீட்டில் அடுப்பு எரிவது அவரை நம்பித்தான்.

தலைகீழாக நிற்கும் டியூப் அப்படித்தான் வந்தது. ஒரு கையாலேயே திறக்கும் மூடியும் அப்படித்தான். இரண்டும் பெரிய கம்பெனி வெளியிடும் முன்பே இவரிடமிருந்து கடைக்குப் போய்விட்டன. அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. "யோசிச்சவன் பின்னாடி வர்றான், சுட்டவன் முன்னாடி போறேன்!" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

ஒரு முறைதான் சறுக்கியது. மெல்லிசான டியூப் ஒன்று கைப்பைகளுக்குள் வெடித்து, வாங்கிய பெண்களெல்லாம் வாசலில் வந்து நின்று வறுத்தெடுத்துவிட்டார்கள். அந்த டியூபைப் பெரிய கம்பெனி வெளியிடவே இல்லை.

"பார்த்தியா? நான் முந்திக்கிட்டதும் பயந்துட்டானுங்க!" என்று அதிலும் மார்தட்டினார்.

ஆனால், பெரிய கம்பெனி ஆறாவது நாட்டிலும் கால்வைக்கப் போகிறது என்று டி.வி.யில் சொன்ன அன்று, இவ்வளவு பெரிய ஆளிடம் மாட்டினால் நசுங்கிவிடுவோம் என்று சுட்ட அச்சுகளையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டார். இனிமேல் இந்த வேலையே வேண்டாம் என்று இரண்டு மாதமாக நல்ல பிள்ளையாக இருக்கிறார்.

நல்ல பிள்ளையாக இருக்கும்போதுதானா வந்து நிற்க வேண்டும்?

அழைப்பு மணி அடித்தது.

"மேசை மேல இருக்கற சாம்பிளையெல்லாம் ஒளிச்சு வைடி!"

அவள் கிரீம் நிரப்பியிருந்த டியூப்களை அள்ளி சோபா மெத்தைக்கு அடியில் திணித்தாள். அதே சோபாவின் மறுகோடியில் தம்பி கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், உனக்குப் பயமே இல்லையாடா?"

"டீ ஆறிடும்கா."

காரில் வந்த பெரிய கம்பெனி அதிகாரியம்மா உள்ளே வந்தார். கஞ்சி போட்ட மாதிரி விறைப்பான நடை. "உட்காருங்க" என்று யாரும் சொல்வதற்கு முன்பே, நேரே போய் அந்த மெத்தையின் மேல் உட்கார்ந்தார்.

"புஸ்ஸ்ஸ்!"

வெள்ளை வெளேரென்று கிரீம் பீய்ச்சிக்கொண்டு போய் மச்சினனின் டீயில் விழுந்தது. அதிகாரியம்மா அடியில் கைவிட்டு, நசுங்கிய டியூபை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க மூடியாச்சே!"

முதலாளி தடாலென்று அவர் காலில் விழுந்தார்.

"அம்மா, ஒத்துக்கறேன்! எல்லாம் நான் செஞ்ச திருட்டுத்தான். சின்னப் பையன், அவனை விட்டுடுங்க. கீழே இருக்கறவங்க பொழப்புல மட்டும் கைவெச்சிடாதீங்க. நான் திருந்திட்டேம்மா! ரெண்டு மாசமா உங்க டியூப் ஒண்ணைக்கூட நான் அடிக்கலை, சத்தியமா!"

"எழுந்திரிங்க சார், அதைக் கேட்கத்தான் வந்தேன்" என்றார் அதிகாரியம்மா, கையைத் துடைத்துக்கொண்டே.

"நாங்க உங்க மச்சினன்கிட்ட குடுத்தனுப்பறதை நீங்க வித்து, அது வெடிக்குதா வெடிக்கலையான்னு பார்த்துட்டுத்தானே இத்தனை நாட்டுல இறங்கியிருக்கோம், இப்படித் திடீர்னு திருந்திட்டா, ஆறாவது நாட்டுல நாங்க எதை நம்பி சார் கடையைத் திறக்கறது?"