இரண்டரை சதவீதம் குறைவு

காட்டில் ஒரு சிலந்தி இருந்தது. ஓணான் துரத்தியதில் அதன் இடப்பக்கக் கால்கள் மூன்று போய்விட்டன. மிச்சமிருந்த ஐந்து காலால் பின்னிய வலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. ஒரு பூச்சியும் சிக்கவில்லை. கால் இழந்தவர்களுக்குத் தினம் ஒரு பூச்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆலமரத்தடியில் நடந்த முகாமுக்குப் பசியோடு போனது.

ஆந்தை டாக்டர் கால்களை எண்ணினார். "எட்டில் மூணு. முப்பத்தேழரை சதவீதம். சான்றிதழுக்கு நாற்பது வேணும். இரண்டரை குறையுதே."

"ஐயா, மூணும் ஒரே பக்கம். என் வலையை ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"வலையைப் பற்றி எழுதப் படிவத்தில் இடமில்லையம்மா."

பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த எறும்பு சிரித்தது. "அந்த ஓணான் இன்னும் ஒரு வாய் கடிச்சிருக்கக் கூடாதா, அக்கா?"

வீடு திரும்பிய சிலந்தி தன் ஐந்து கால்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த முகாமுக்கு அது நான்கு காலோடு வந்தது. அந்தக் கால் எப்படிப் போனது என்று டாக்டர் கேட்கவில்லை. ஐம்பது சதவீதம் என்று எழுதி முத்திரை குத்தினார்.

"பூச்சி எங்கே தருவாங்க, ஐயா?"

"மரத்து உச்சிப் பொந்தில். தினமும் நேரில் வந்து வாங்கிக்கணும்."

ஐந்து கால் இருந்தபோது தட்டுத்தடுமாறியாவது ஏறியிருக்கும். நான்கு காலால் முடியவில்லை. ஏறி ஏறி விழுந்தது.

உச்சியிலிருந்து எறும்பு அதன் பேரை மூன்று தடவை கூப்பிட்டது. பிறகு, "வரவில்லை" என்று எழுதிக்கொண்டது.