எஸ்டேட் பங்களா நாற்காலி

"ஊரே சன்மைக்கா டீப்பாய் வாங்குது. நீ ஏலத்துல பழைய சேரை எடுத்துப்போட்டு வந்து நிக்கற. பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?" ராமாத்தாள் மகனிடம் பொருமினாள்.

"ஐம்பதுகளோட டிசைனுங்கம்மா, இப்பக் கெடைக்காது" என்றான் தனபால். குன்னூர் எஸ்டேட் பங்களாவின் தேக்கு நாற்காலிகள்; குட்டைக் கால்கள், படுத்தவாக்கில் முதுகு.

வெள்ளகோவிலிலிருந்து வந்த பெண்ணின் அப்பா அப்புக்குட்டி, அதிலொன்றில் சாய்ந்து வீட்டை நோட்டமிட்டார். "எல்லாம் பழைய சாமானா இருக்குதுங்க. யோசிச்சுச் சொல்றோமுங்க."

ராமாத்தாளுக்கு முகம் செத்துவிட்டது. உடன் வந்தவர்கள் எழுந்துபோய்ச் செருப்பு மாட்டிக்கொண்டார்கள். அவர் மட்டும் நாற்காலியின் கையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, கெளம்பலீங்களா?" என்றாள் அவர் மனைவி.

"இரு, சாப்பிட்டுட்டே போலாம். இங்கயே கொண்டுவரச் சொல்லு."

மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி. ராமாத்தாள் சமையலறைக்கு ஓடினாள். அவர் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார், தட்டிலேயே கை கழுவினார், தாம்பூலமும் மாற்றிக்கொண்டார். பழைய சேருக்கு இத்தனை மவுசா என்று ராமாத்தாளே அசந்துபோனாள்.

அப்புக்குட்டி தனபாலை அருகே அழைத்தார்.

"மாப்ள, கொஞ்சம் தூக்கி உடுங்க. அப்பப் புடிச்சு எந்திரிக்கப் பாக்கறேன், முடியல. வேண்டாம்னு சொன்ன ஊட்டுல எப்படிக் கை குடுக்கச் சொல்றதுங்க?"