ஒருவருக்கு ஒரு மொழி

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சரின் விரல் கைக்கணினித் திரைக்கு மேலே அப்படியே நிற்கிறது. "தாய்மொழி, சார்? ஒருத்தருக்கு ஒண்ணுதான் போட முடியும்." பெரியவர் முதுகை நிமிர்த்தித் தன் மொழியைச் சொல்கிறார், மனைவிக்கும் அதுவே. மகன் மட்டும் அரசாங்க மொழியைச் சொல்கிறான். அவன் முழங்கால் ஓயாமல் ஆட, மேசைமேல் தேநீர்க் கோப்பை கிணுகிணுக்கிறது. இந்தக் கணக்கில் இன்னும் சில ஆயிரம் தலைகள் குறைந்தால் தங்கள் மொழி அரசு அலுவலகங்களில் செல்லாது என்பது பெரியவருக்குத் தெரியும். அதைவிட, வெளியாள் முன்னால் பெற்ற பிள்ளையே வீட்டை மறுப்பதுதான் அவர் காதைச் சுடுகிறது. "யார் வீட்டுல வளர்ந்துட்டு யார் பேச்சை உன் பேச்சுங்கறே?" "அரசாங்க வேலைக்கு மனு போட்டிருக்கேன்பா. நாளைக்கு இதைத் தோண்டிப் பார்த்தா என் பிழைப்புல மண்ணு. உங்க கௌரவமா சம்பளம் தரும்?" "வாயை மூடுடா!" "நீங்க முதல்ல மூடுங்க!" ஜன்னல் வெயிலில் தூசி பறக்கிறது. டீச்சர் பையின் வாரை முறுக்குகிறாள். சமையலறை வாசலில் ஈரக்கையோடு நிற்கும் அம்மா, "இவ்வளவு நேரம் எந்த மொழியில கத்தினானோ அதையே போடும்மா" என்கிறாள். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். "அவரே சொல்லணும்மா." மூவரும் அவனைப் பார்க்கிறார்கள். "நான் சொன்னதுதான், மாத்தாதீங்க" என்கிறான், தலை குனிந்து, அப்பாவின் மொழியிலேயே. விரல் திரையில் படுகிறது. பெரியவர் எழுந்து போய்ச் செருப்பை மாட்டுகிறார். எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை.