ஆறாவது மாத எண்ணிக்கை

ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தால்தான் அந்த அபூர்வ நோயை உறுதிசெய்ய முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தத்தில் இயோசினோபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள், ஒரு மைக்ரோலிட்டரில் சில நூறுதான் இருக்க வேண்டும். ஸ்ரீவராகம் நாகேஸ்வரனுக்கு மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது.

லேப் டெக்னீஷியன் சுசீலாபாய்க்கு நாகேஸ்வரனின் மனைவி சுப்புலக்ஷ்மி மேல்தான் சந்தேகம். ஒவ்வொரு மாதமும் ரிசல்ட் வருமுன்பே அவள் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவாள். கடைசி இலக்கம்வரை சரியாக இருக்கும். லேபில் யாரோ அவளுக்கு உளவு சொல்வதாக சுசீலா நினைத்தாள்.

ஆறாம் மாதம் சுசீலாவே ரத்தம் எடுத்து, கதவைத் தாழிட்டு, தானே மெஷினில் வைத்தாள். 3,846. காகிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“மூவாயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறுதானே?” என்றாள் சுப்புலக்ஷ்மி.

“மாமி, சத்தியமாச் சொல்லணும். இது ஆரு சொல்லித் தாறது?”

“யார் சொல்லணும்? அவர் கையைப் பிடிச்சுண்டு எண்ணினேன். ரெண்டு நிமிஷத்துலே முடிஞ்சுடுத்து.”

சுசீலாவுக்குக் கோபம் வந்தது. கையை நீட்டினாள். “அப்போ எனக்கு எண்ணுங்க, பாப்போம்.”

சுப்புலக்ஷ்மி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கண்களை மூடினாள். உதடுகள் அசைந்தன.

டாக்டர் நாகேஸ்வரனை உள்ளே கூப்பிட்டார். நோய் உறுதி என்றார், மருந்துகளை எழுதினார், அடுத்து வரவேண்டிய தேதியைச் சொன்னார். நாகேஸ்வரன் சீட்டோடு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

சுப்புலக்ஷ்மி இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.