இடுக்கில் முளைத்த புல்

“மூணாவது தடவை குணா! ஒரே வருஷத்துல மூணாவது தடவை! நீ பதிச்ச கல்லு இடுக்கைப் பாரு, மாட்டை அவிழ்த்து விட்டா வயிறு நிறைய மேயும். அவ்வளவு புல்லு!”

கிருஷ்ணமூர்த்தி போட்ட சத்தம் டெலானிபூர் மேடு முழுக்கக் கேட்டிருக்கும். தீவின் கப்பல்துறையான ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் முப்பது வருஷம் கத்தி வேலை வாங்கிய தொண்டை. ரிட்டயர் ஆகியும் இறங்கவில்லை. எதிர்வீட்டு பெங்காலிக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “க்யா ஹுவா?” என்ன ஆச்சு என்று இந்தியில் வேறு கேட்டு வைத்தார்.

குணாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதே வரிசையில் இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் வாசலுக்கு பேவர் கல் பதிக்க இருந்தார்கள். இந்த வாசலைப் பார்த்துத்தான் அவனைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். இப்படி நடுத்தெருவில் மானம் போனால் எவன் கூப்பிடுவான்?

“சார், இடுக்குல போட்டது சாதா மண்ணு இல்ல, பாலிமர் மண்ணு. சென்னையிலேர்ந்து கப்பல்ல வர்ற சரக்கு. தண்ணி பட்டா பசை மாதிரி பிடிச்சு இறுகிடும். புல்லு வராது, எறும்பு நோண்டாது...”

“அதான் வந்திருக்கே!”

“மழையில்லாத நாளாப் பார்த்துத்தானே சார் போட்டேன்? அதிர்ற மெஷின் விட்டு இடுக்குக்குள்ள இறக்கி, கல்லு மேல தூசி நிக்காம பெருக்கி, பூத்தூறலாத் தண்ணி தெளிச்சேன். ஒரு நாள் முழுக்க யாரையும் மிதிக்க விடல. நீங்களே கூட நின்னு பார்த்தீங்களே!”

“பார்த்து என்ன புண்ணியம்? நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்து சரி பண்ணு.” குடையை எடுத்துக்கொண்டு அவர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

குணா குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடுக்குகளைத் தடவிப் பார்த்தான். எறும்பின் வேலை என்றால் பக்கத்தில் மண்ணைக் குவித்திருக்கும். மழை அரித்தது என்றால் சரிவுப் பக்கம்தான் போயிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. கல்லோரமெல்லாம் கீறல். அடப்பாவி, யாரோ உட்கார்ந்து நோண்டியிருக்கிறார்கள்!

மறுநாள் ஒன்பது மணிக்கு வரவேண்டியவன் ஏழு மணிக்கே வந்து நின்றான். கிருஷ்ணமூர்த்தி வாக்கிங் போயிருந்தார். வாசலில் அவர் மனைவி விஜயலட்சுமி ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, தோசைக்கரண்டிக் காம்பால் இடுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா!”

கரண்டி கைதவறி விழுந்தது. “ஐயோ தம்பி, சத்தம் போடாதே. சார்கிட்ட சொல்லிடாதே.”

“நான் உங்களுக்கு என்னம்மா கெடுதல் பண்ணேன்? இப்படி என் வாயில மண்ணள்ளிப் போடுறீங்களே!”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இது முந்தி வெறும் மண்வாசல் தம்பி. சுனாமி வந்ததும் மூணு மாசம் பூமி ஆடிக்கிட்டே கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒருத்தரும் வீட்டுக்குள்ள இருக்கல. நாங்களும் இங்கதான் பாயை விரிச்சுக் கிடந்தோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் எழுந்து ஓடப் பார்ப்பேன். ‘சும்மா இருந்தாத்தான் பயம், வா புல்லைப் பிடுங்குவோம்’னு சார் என்கூட உட்கார்ந்தார். பிடுங்கிக்கிட்டே பேசினார் பாரு... தூத்துக்குடியில பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டுக் கப்பல் பார்க்க ஓடினது, எங்க கல்யாணத்துல அவர் செருப்பு காணாமப் போனது. கல்யாணமாகி இருபத்து மூணு வருஷம், அதுவரைக்கும் ஜெட்டி, கப்பல்னே கிடந்த மனுஷன். அவர் யாருன்னே அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

குணா கோபத்தை மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“பூமி ஆட்டம் நின்னும் அந்தப் பழக்கம் நிக்கல. எட்டு வருஷம், தினம் சாயங்காலம் டீயை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் புல்லு பிடுங்குவோம். அப்புறம் பையன் மெயின்லேண்ட்லேர்ந்து பணம் அனுப்பிக் கல்லு பதிக்கச் சொன்னான். புல்லு போச்சு. சார் டிவி முன்னால போய் உட்கார்ந்தவர்தான், நாலு வார்த்தைக்கு நாதியில்ல. என்கூடப் பேசுங்கன்னு இந்த வயசுல போய்க் கேக்க முடியுமா தம்பி? கூச்சமா இருக்கு. இடுக்குல மண்ணு போனா புல்லு வருது. உன்னைத் திட்டிக்கிட்டாவது என் பக்கத்துல வந்து உட்கார்றார்.”

அந்தச் சுனாமி வருஷம் குணாவும் அவன் பெண்சாதியும் ஒரே போர்வைக்குள் சொந்த ஊர் ராமநாதபுரத்துக் கதை பேசிக் கிடந்தவர்கள்தான். இப்போது அவளிடம் ‘சாப்பாடு போடு’ என்பதைத் தவிர வேறென்ன பேசுகிறான்?

கேட் திறந்தது. கிருஷ்ணமூர்த்தி வந்துவிட்டார். விஜயலட்சுமி கரண்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“என்ன குணா, காரணம் தெரிஞ்சுதா?”

நாலு வீட்டு வேலையும் கண்ணெதிரே ஒரு தடவை வந்து போயிற்று. போனால் போகட்டும் என்று கைமண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “என் தப்புதான் சார். மண்ணை நான்தான் சரியாப் போடல.”

அவர் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் தோளில் கை போட்டுக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார். ஜெட்டித் தொண்டை முதல் தடவையாகக் கிசுகிசுத்தது.

“பொய்யா சொல்றே? உன் வேலை பக்காடா. நாலு வீட்லயும் போன வாரமே சொல்லிட்டேன், உன்னைத்தான் கூப்பிடுவாங்க.”

“அப்புறம் எதுக்கு சார் என்னை அந்தத் திட்டு திட்டினீங்க?”

“திட்டலைன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துடாதா? பாவம், இடுப்பு வலியோட அவளால ரெண்டு வரிசைக்கு மேல நோண்ட முடியல. மீதிப் பத்து வரிசையும் அவ கோயிலுக்குப் போற நேரமாப் பார்த்து நான்தான் நோண்டுறேன்!”