நடுங்காமல் ஒரு வார்த்தை

"அப்பா, மறுபடியும் மூச்ச அடக்குறீங்க பாருங்க. நாலு எண்ணி இழுத்தீங்கல்ல, ஆறு எண்ணி மெதுவா விடுங்க."

இலக்கியா சொன்னதும் அண்ணாதுரை நின்று, வாயைக் குவித்து மூச்சை விட்டார். பூலாம்பாடிக்கு வெளியே ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. இன்னும் வெயில் ஏறவில்லை.

"ரெண்டு கிலோமீட்டரு வந்துட்டமா பாப்பா?"

"பாதிகூட ஆவல. நடங்க."

பின்னாலிருந்து ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது. அண்ணாதுரை துள்ளி ஓரமாக ஒதுங்கினார். பால் வண்டிதான். அது கடந்து போன பிறகும் அவர் மக்காச்சோள ஓரத்தை விட்டு ரோட்டுக்கு ஏறவில்லை.

அவருடைய குட்டி யானை சரக்கு வண்டி மோதி அதே ஊர் முத்தாயி இறந்து பத்து மாதம் ஆகிறது. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவள், அந்த இடத்திலேயே முடிந்துவிட்டாள். கண்ணை மூடினால் தார் ரோட்டில் பரவிக் கிடந்த பால்தான் அண்ணாதுரைக்குத் தெரிந்தது.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்ததும் நிலைமை மோசமானது. தூக்கம் போயிற்று. தட்டில் போட்ட சோறு அப்படியே கிடந்தது. நெஞ்சு அடைக்கிறது என்று ஒருநாள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயம் நல்லா இருக்கு. மனசுதான் பதறுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திருச்சியில் நர்ஸ் வேலை பார்க்கும் இலக்கியா அன்றைக்கே லீவு போட்டுவிட்டு வந்தாள். நாளைக்கு ஆறு டீ ஒரு டீ ஆனது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் பீரோவுக்குள் போனது. விடிந்ததும் நடை. பதற்றம் வந்தால் முகத்தில் பச்சைத் தண்ணீர். மனதில் அரிக்கிறதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னாள். எழுதி முடித்ததும் தாளைக் கிழித்து அவளே அடுப்பில் போட்டாள். "எரியட்டும்ப்பா, மனசு லேசாவும்" என்றாள்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்பாவும் மகளும் நடந்து போவதைப் பார்த்து, "பெத்தா இப்படி ஒரு பொண்ணப் பெக்கணும்யா" என்றார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் மனைவி பாப்பாத்தி வெந்நீர்ச் சொம்பை நீட்டினாள்.

"இந்தாங்க, டீயின்னு நெனச்சுக் குடிச்சுக்கங்க. டாக்டரம்மா உத்தரவு."

"ஏம்மா குத்திக்கிட்டே இருக்க?" என்றாள் இலக்கியா.

"பின்ன என்னடி? நாளைக்கி ஜட்ஜி அந்த மனுசன உள்ள தள்ளிட்டா, அங்கயும் நாலு எண்ணு ஆறு எண்ணுன்னு நீ போயி நிப்பியா? கம்பிதான் இருக்கும், எண்ணிக்கலாம்."

அண்ணாதுரை பல நாளுக்குப் பிறகு சிரித்தார். பாப்பாத்தி சிரிக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இலக்கியா நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வக்கீல் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? ஒத்துக்கிட்டா தண்டனை கொறையும். வாய் கொளறுனா, என்ன ஏதுன்னு கேப்பாங்க. கேள்வி மேல கேள்வி வரும். ஒரே ஒரு வார்த்தை, நடுங்காம சொன்னாப் போதும். இப்ப நாந்தான் ஜட்ஜி. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"நா... நா..."

"தண்ணி குடிங்க. கால நல்லா ஊணி உக்காருங்க. திரும்பச் சொல்லுங்க."

"முத்தாயி புருசன் வருவானா பாப்பா?"

"வருவாரு. அவரு பக்கம் திரும்பாதீங்க. செவுத்துல ஒரு எடத்த மட்டும் பாருங்க."

"அவன் மூஞ்சியப் பாக்காம எப்படி..."

"அப்பா." அவள் குரல் உயரவில்லை. "திரும்பச் சொல்லுங்க."

பதினோராவது தடவைதான் குரல் உடையாமல் வந்தது. இலக்கியா அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "எண்பத்தி நாலு. பரவால்ல" என்றாள்.

மறுநாள் பெரம்பலூர் கோர்ட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு. பெஞ்சில் முத்தாயியின் புருஷன் மடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணாதுரை கூண்டில் ஏறினார். சுவரில் காரை பெயர்ந்த ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, அதையே பார்த்தார்.

வண்டியை வேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டி ஓர் உயிர் போகக் காரணமாக இருந்தீர்கள் என்று நீதிபதி படித்தார். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

நாலு எண்ணி இழுத்தார். ஆறு எண்ணி விட்டார்.

"ஆமாங்கய்யா. நான்தான் ஓட்டுனேன்."

சொல் பிசிறில்லாமல் வந்தது. வாசலோரம் நின்ற இலக்கியா கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்து மாதத்துக்கு முன் அந்தச் சாயங்காலம் அவர் வயலில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். லீவில் வந்து வண்டியை எடுத்துப் போயிருந்த மகள் போனில் கதறியதைக் கேட்டு ரோட்டுக்கு ஓடிவந்தவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்திருந்த அவளைக் கீழே இறக்கி வீட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டு, யாரும் வருவதற்குள் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.